குளத்து வாசலில் ஒரு தொப்பி

"அப்பா, மியூசியத்தில பகிடி விடக் கூடாது. சொல்லுறதை மட்டும் செய்யுங்கோ."

கிளேட்டன் ரயில் ஸ்டேஷனிலேயே மயூரா கட்டளை போட்டுவிட்டாள்.

"ஓம் மகள். வாயே திறக்க மாட்டன்."

"இப்பவே திறந்திட்டீங்கள்."

ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் துணையாக வழக்கமாய்ப் போவது அவளுடைய அம்மாதான். இன்று அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. அதனால், இரவெல்லாம் குளிர்க் கிடங்கில் பெட்டி இறக்கிவிட்டு, முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு தேவராஜா வந்திருந்தார். ஒழுங்காக நடந்துகொண்டால் மகள் இன்னொரு முறையும் கூப்பிடுவாள். அவர் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

மியூசியத்தில் பாடம் நடத்தியவள் மோனிகா, பொயிண்ட் குக்கில் இருந்து வரும் தமிழ்நாட்டுப் பெண். அறுபதுகளில் நியூ சவுத் வேல்ஸில் ஓர் ஊரின் நீச்சல் குளத்தில், பூர்வகுடிப் பிள்ளைகளை மற்றப் பிள்ளைகளோடு குளிக்க விடுவதில்லையாம். சிட்னியிலிருந்து பல்கலைக்கழக மாணவர்கள் பஸ்ஸில் போய், அந்த வாசலில் நின்று நியாயம் கேட்டார்களாம். அந்த வாசலைப் போலவே இங்கே பலகையில் ஒன்று செய்து, இரு பக்கமும் கயிறு கட்டி, உள்ளே தரையில் நீல விரிப்புப் போட்டிருந்தார்கள். அன்று நடந்ததை நடித்துப் பார்க்க, பிள்ளைகள் கையில் நீலத்திலோ மஞ்சளிலோ ஆளுக்கொரு அட்டை.

வாசல்காரனின் காக்கித் தொப்பியை மோனிகா தூக்கிக் காட்டியதும் எல்லாக் கைகளும் உயர்ந்தன. அவளோ தேவராஜாவிடம் வந்தாள்.

"சார், நீங்கதான் நல்லா உயரமா இருக்கீங்க. நீல அட்டை உள்ளே, மஞ்சள் வெளியே. யாரா இருந்தாலும் சிரிக்காதீங்க."

அவர் மகளைப் பார்த்தார். அவள் முகமெல்லாம் பூரிப்பாகக் கட்டைவிரலைக் காட்டினாள்.

"ரியல் செக்யூரிட்டி மாதிரியே இருக்கார்!" என்றாள் தோழி தாரிணி.

தேவராஜா சிரிக்கவில்லை. நீலத்துக்குத் தலையாட்டினார். மஞ்சளுக்குக் கையைக் குறுக்கே நீட்டினார்.

"அங்கிள், போன கிழமை எங்கட வீட்ட ரோல்ஸ் சாப்பிட்டனீங்கள்தானே?" என்று கெஞ்சினாள் மஞ்சள் அட்டையோடு வந்த நஷ்வா.

"நோ."

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் கயிற்றுக்கு வெளியே கூட்டம் பெருகப் பெருகச் சிரிப்பு மெல்ல அடங்கிப்போனது.

கடைசியில் மயூரா வந்தாள். மஞ்சள்.

அவர் கையைக் குறுக்கே நீட்டினார். "நோ," என்றார்.

அவள் திரும்பிப் போனாள். தோளைத் தொங்கப்போட்டு நடந்தாள். அது நடிப்பா, நிஜமா? அவருக்குப் பிடிபடவில்லை. பிடிபடாததுதான் தாங்க முடியாமல் இருந்தது. தொப்பியைக் கழற்றிப் பக்கத்திலிருந்த கதிரையில் வைத்தார். கயிற்றைத் தாண்டிப் போய் மகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

"அப்பா! வாட் ஆர் யூ டூயிங்?"

"வேலையை விட்டிட்டன் மகள்."

"சொன்னதைச் செய்யச் சொன்னனான்!"

"செய்தனான்தானே. உனக்கும் நோ சொன்னனான். இனி ஏலாது."

மயூராவின் முகம் காது வரை சிவந்துவிட்டது. சரி, அடுத்த முறை அம்மாதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டார் தேவராஜா.

மோனிகா அவர் அருகே வந்தாள்.

"இதுவரைக்கும் யாரும் ரிசைன் பண்ணதில்ல சார்," என்று தமிழில் முணுமுணுத்துவிட்டு, பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். வாசலில் ஆள் இல்லை, யார் தொப்பியைப் போடுகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

நீல அட்டைக்காரர்கள் தொப்பியைப் பார்த்தார்கள். வெளியே நின்றவர்களைப் பார்த்தார்கள். ஒரு கைகூட உயரவில்லை.

"அப்ப நாங்க உள்ள போகலாமா, மிஸ்?" என்றாள் நஷ்வா.

"நீங்களே சொல்லுங்க."

அவ்வளவுதான், கயிறு சரிந்தது. நீல விரிப்பில் சப்பாத்துக் கால்கள் திமுதிமுவென்று விழுந்தன. மயூரா மட்டும் கதிரையில் கிடந்த தொப்பியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவருடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வாங்கோ அப்பா. எல்லாரும் போகினம்."

திரும்பும் ரயிலில் தேவராஜா கண்ணயரத் தொடங்கினார். மயூரா முழங்கையால் இடித்தாள்.

"அடுத்த டேர்ம் பழைய ஜெயில் பார்க்கக் கூட்டிக்கொண்டு போகினம். வாறீங்களோ?"

"அங்கயும் வாசல் வேலையோ?"

"அப்பா!"

"வாறன் மகள், வாறன்," என்றார். சிரித்தபடியே தூங்கிப்போனார்.