திங்கள் கழுத்து, புதன் கழுத்து

1

இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை. ஒட்டுக் கேட்டு எடுத்தேன். ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்கப் போயிருந்தேன். என் வயதைப் பார்த்துவிட்டு, கண் பரிசோதனைச் சீட்டு வேண்டும் என்று உட்கார வைத்துவிட்டார்கள். பின்வரிசை நாற்காலிகளில் ஒரு பெண்ணும் அவள் கணவரும்.

"கழுத்தைத் திருப்பாதேன்னா திருப்பாம இரேன். இதுல என்ன கஷ்டம்?"

"நான் எங்கங்க திருப்பறேன்? அதுவா திரும்புது."

"போன தடவையும் அதான் சொன்ன."

"போன தடவையும் அதுவாத்தான் திரும்புச்சு."

எனக்குக் கதை முகமாக வராது, குரலாகத்தான் வரும். அதனால் அவர்களைப் பார்க்கவே இல்லை. பார்த்தால் பேச்சை நிறுத்திவிடுவார்களோ என்ற பயமும்தான்.

2

முதல் தொடக்கம்: "வாகனங்கள் பெருகிவிட்ட இக்காலத்தில்—" [அடித்துவிட்டேன். கட்டுரைப் போட்டி வாடை.]

இரண்டாம் தொடக்கம்: "அவள் கழுத்து அழகானது, அதனால்—" [இதையும்.]

நேராகவே சொல்லிவிடுகிறேன். அவள் ரத்த வங்கியிலிருந்து மருத்துவமனைகளுக்கு ரத்தப் பைகளைக் கொண்டு போகிறவள். ஒன்பது வருடமாக பைக்கில். இப்போது வங்கி ஒரு வேனும் வாங்கியிருக்கிறது. இனி ஒருநாள் வேன், ஒருநாள் பைக். இரண்டு வண்டிக்கும் தனித்தனி ஓட்டுத் தேர்வு தேறியவர்களுக்குத்தான் சாலை வேலை. மற்றவர்கள் கிடங்கில் உட்கார்ந்து பைகளுக்குச் சீட்டு ஒட்டலாம். வேன் தேர்வில் இரண்டு முறை தோற்றுவிட்டாள். கடைசி வாய்ப்பு திங்கட்கிழமை. பைக் சான்றிதழைப் புதுப்பிக்கும் தேர்வு அதே வாரம் புதன்கிழமை.

தோற்ற காரணம்: சாலையில் பக்கத்து வண்டி வரிசைக்கு மாறுமுன் தோளுக்கு மேலே திரும்பிப் பார்க்கிறாள். பைக் தேர்வில் அப்படித் திரும்பாவிட்டால் தோல்வி. வேனில் கண்ணாடியைத்தான் பார்க்க வேண்டும்; பின்பக்கம் ஜன்னல் இல்லை, திரும்பினால் தெரிவது இரும்புச் சுவர். வேன் தேர்வாளர் எழுதுகிறார்: "கண் சாலையில் இல்லை."

3

வேன் தேர்வாளரை முதலில் கொடுமைக்காரராக எழுதினேன். பல் குத்தும் குச்சி ஒன்றுகூட வாயில் கொடுத்திருந்தேன். அவர் பேச ஆரம்பித்து அதைக் கெடுத்துவிட்டார்.

"ஏம்மா, சுவத்துல என்ன பார்த்தீங்க?"

"ஒண்ணும் இல்ல சார்."

"அந்த ஒண்ணும் இல்லாததைப் பார்த்து முடிக்கறதுக்குள்ள வண்டி பதினஞ்சு மீட்டர் போயிடுச்சு. முன்னால யாராவது நின்னிருந்தா?"

பைக் தேர்வாளர் மட்டும் சும்மா இருப்பாரா?

"கண்ணாடியை நம்பி வரிசை மாறினவங்களை நான் ஆஸ்பத்திரில போய்ப் பார்த்திருக்கேன்மா. திரும்புங்க. எனக்குத் தெரியற மாதிரி திரும்புங்க."

இருவர் சொல்வதும் சரி. ஒருவராவது தப்பாகச் சொல்லியிருந்தால் கதை எப்போதோ முடிந்திருக்கும். நானும் இப்படி எழுந்து எழுந்து நடந்துகொண்டிருக்க மாட்டேன்.*

* வேன் தேர்வாளர் பக்கத்தில் உட்காருகிறார். அவள் கண்கள் போகும் இடம் அவருக்குத் தெரிகிறது. பைக் தேர்வாளர் இன்னொரு பைக்கில் பின்னால் வருகிறார். அவருக்கு ஹெல்மெட்டும் முதுகும்தான். பார்க்கிறவர் எங்கே இருக்கிறாரோ, அங்கிருந்துதான் நம் கவனத்துக்கு மதிப்பெண். [மாமியார்களுக்கும் இது பொருந்தும். அது வேறு கதை.]

4

கணவர் தையல்காரர்.

"காலருக்குள்ள விறைப்பா ரெட்டைப் பக்ரம் துணி வச்சுத் தைச்சுத் தரேன். திரும்பினா தாடையில குத்தும்."

"என்ன, மாட்டுக்குக் கட்டற மாதிரியா?"

"மாடு ரெண்டு தடவை ஃபெயிலாகலையே."

விளையாட்டுப் பேச்சு என்று நினைத்தேன். மனிதர் தைத்தே கொண்டுவந்துவிட்டார். பத்து நாள் விடுப்பு எடுத்து, பைக்கைத் தொடாமல், அந்தச் சட்டையோடு வேன் ஓட்டிப் பழகினாள். முதல் மூன்று நாள் தாடை சிவந்தது. ஏழாம் நாள் காலர் குத்தவே இல்லை. கழுத்து கற்றுக்கொண்டுவிட்டது.

திங்கட்கிழமை தேறினாள். இதில் எனக்குச் சந்தேகமில்லை. பேச்சு தெளிவாகக் கேட்டது.

"நல்லா ஓட்டினீங்கம்மா. கழுத்து சொன்ன பேச்சு கேக்குதே."

"அதான் சார் பயமா இருக்கு."

5

புதன்கிழமைக்கு வருகிறேன்.

முடிவு அ: தேர்வாளர்கள் இருவரும் கூடிப் பேசி ஒரே விதியாக— [இரண்டு அதிகாரிகள் ஒத்துப்போனதாக எழுதினால் புத்தகத்தை மூடிவிடுவீர்கள்.]

முடிவு ஆ: அவள் திரும்பவில்லை. பக்கத்தில் வந்த— [மாட்டேன்.]

முடிவு இ: அவள் தேர்வுக்கே போகவில்லை. கிடங்கில் நிம்மதியாக—

"நிம்மதின்னு யாரு சொன்னா?" என்றாள், காகிதத்திலிருந்து.

"பின்ன என்னதான் பண்ணச் சொல்றே?"

"எழுதிட்டு நீங்க எந்திரிச்சுப் போயிடுவீங்கம்மா. சீட்டு ஒட்டப் போறது நானு. என்னை ரோட்டுல விடுங்க."

விட்டேன்.

6

புதன், காலை பதினொரு மணி. சாதாரணச் சட்டை, மெத்தென்ற காலர். பின்னால் தேர்வாளரின் பைக். பக்கத்து வரிசையில் ஒரு கார், அவள் கண்ணாடியில் விழாத இடத்தில். அதை ஓட்டுவது யார் என்று இவ்வளவு நேரம் எனக்குப் பிடிபடவில்லை. நீங்கள்தான்.

இண்டிகேட்டர் போட்டுவிட்டாள். கண்ணாடியைப் பார்த்துவிட்டாள். கழுத்து இன்னும்—

இப்போதே நீங்கள் வேகத்தைக் குறைத்தால் அவள் இடைஞ்சல் இல்லாமல் வரிசை மாறிவிடுவாள், திரும்பாமல் மாறியதைப் பின்னால் வருகிறவர் எழுதிக்கொள்வார், நாளையிலிருந்து கிடங்கு. ஒரு விநாடி பொறுத்தால் திரும்பக்கூடும்; திரும்பாவிட்டால் முடிவு ஆ. ஒன்பது வருடப் பழக்கம் ஒரு பக்கம், பத்து நாள் பழக்கம் ஒரு பக்கம்.

நான் கூப்பிட்டால் ஹெல்மெட்டுக்குள் கேட்காது. பிரேக் உங்கள் காலடியில் இருக்கிறது.