டஃபியும் குவீனியும் வந்த ஞாயிறு

பதினோரு மணிக்கு வருவதாக மிஸ்டர் சக்டன் சொல்லியிருந்தார். ஒன்பதரைக்கே வெரிட்டி ஜன்னலோரம் நின்றுகொண்டாள்.

"எங்கப்பா வரும்போதுகூட நீ இப்படித் தரை துடைச்சதில்ல," என்றான் அவள் கணவன் ராய்ஸ்டன்.

"உங்கப்பா தரையில உருள மாட்டாரே."

"போன கிறிஸ்துமஸ் மறந்துபோச்சா?"

அவள் காதில் எதுவும் ஏறவில்லை. ஒரு வாரமாக வீட்டிலுள்ள ஓட்டைகளை அடைத்துக்கொண்டிருந்தாள். பஸ் ஓட்டிவிட்டு வந்ததும், சீருடையைக்கூட மாற்றாமல் தரையில் குப்புறப் படுத்து டார்ச் அடித்துத் தேடுவாள். இனி வீட்டில் வளரப்போகும் ஃபெரெட் என்ற பிராணிக்குத் தலை நுழைந்தால் போதும். கீரியைப் போல நீண்ட உடம்பு, எலும்பே இல்லாததுபோல் பின்னால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். ஒன்பது வயதில், ஹாலிஃபாக்ஸ் சந்தையில் யாரோ ஒருவருடைய கோட்டுப் பையிலிருந்து எட்டிப் பார்த்த ஒன்றைத் தொட்டிருந்தாள். அன்றிலிருந்து ஆசை.

கிளிஃபோர்ட் சக்டன் முதியோர் குடியிருப்புக்கு மாறுகிறார். அங்கே பிராணிகளுக்கு இடமில்லை. ஆனால் தன் ஃபெரெட் ஜோடியைக் கேட்டவருக்கெல்லாம் கொடுத்துவிடவில்லை. மூன்று வீடுகளுக்குக் கொண்டுபோய், மூன்றிலிருந்தும் திரும்பக் கொண்டுவந்துவிட்டார். கடைசி வீட்டில் அடைக்காத ஓட்டை ஒன்று இருந்ததாம். வைத்த தேநீரைக்கூடத் தொடவில்லையாம்.

கார் வந்து நின்றது. மெலிந்த, உயரமான மனிதர். ஒரு கையில் மரப்பெட்டி, மறு கையில் பிஸ்கட் டின்.

"உள்ள வாங்க மிஸ்டர் சக்டன். தேநீர் போடட்டுமா?"

"முதல்ல வீட்டப் பாக்கணும்மா."

பார்த்தார். கதவிடுக்கில் விரலை விட்டார். சோபாவைக் கவிழ்த்தார். கொல்லையில் அவள் செய்து வைத்திருந்த மூன்று மாடிக் கூண்டைத் தட்டினார்.

"இதுல நானே குடியிருக்கலாம் போலிருக்கே."

"வாடகைக்கு விடுவா, கேட்டுப் பாருங்க," என்றான் ராய்ஸ்டன்.

அவர் சிரித்தார். சமையலறைக்கு வந்ததும் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். கையுறைகளைத் தரையில் வைத்துவிட்டு, மண்டியிட்டுப் பெட்டியைத் திறந்தார்.

முதலில் டஃபி. பருத்த பழுப்பு உடம்பு, முகமூடி போட்டதுபோல் கண்ணைச் சுற்றிக் கறுப்பு. பின்னால் குவீனி, பால் வெள்ளை. இரண்டும் மூக்கைத் தூக்கிக் காற்றை மோந்தன. பிறகு டஃபி முதுகை வளைத்து ஒரு துள்ளு துள்ளினான். குவீனி பக்கவாட்டில் குதித்தாள். பந்துகள்போல் எகிறி, மேசைக் காலில் மோதி, விழுந்து, மறுபடி எகிறினார்கள்.

"ஆடுறாங்க!" வெரிட்டி கத்தியே விட்டாள். "ராய், பாரேன், ஆடுறாங்க!"

அடுத்த கணம் தரை காலியாக இருந்தது.

பாத்திர அலமாரியின் அடிப்பலகை ஒரு பக்கம் விலகியிருந்தது. காலையில் அதன் அடியையும் பெருக்கவேண்டுமென்று அவள்தான் கழற்றினாள். திரும்ப மாட்டியபோது அழுத்த மறந்துவிட்டாள்.

"அங்க பைப் ஓட்டை இருக்கா?" சக்டனின் குரல் மாறிவிட்டது.

"சிமென்ட் வச்சு அடைச்சிட்டேன். சத்தியமா. வெளிய போக வழியே இல்ல."

அவர் டின்னைக் குலுக்கினார். பிஸ்கட் சத்தம் கேட்டால் எங்கிருந்தாலும் ஓடிவருவார்களாம். வரவில்லை. மறுபடி குலுக்கினார்.

வெள்ளைத் தலை ஒன்று எட்டிப் பார்த்தது. பிஸ்கட்டைத் திரும்பியும் பார்க்காமல் அவருடைய கையுறையைக் கவ்விப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு மறைந்தது. உடனே டஃபி வந்தான். நேராக நாற்காலியில் தொங்கிய கோட்டுக்குப் போனான். பைக்குள் தலையை விட்டான். கார் சாவி கிணுகிணுவென்று தரையில் தேய்ந்து அலமாரிக்கு அடியில் போனது.

"டேய்!" என்றார் சக்டன்.

உள்ளேயிருந்து பதில் வந்தது. குக்-குக்-குக். கோழி கொக்கரிப்பதுபோல், மகிழ்ச்சியாக.

"மன்னிச்சிடுங்க," என்றாள் வெரிட்டி. "எல்லாம் அடைச்சேன். இத ஒண்ண..."

சக்டன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று பயந்தாள். சிரித்துக்கொண்டிருந்தார்.

"மூணு வீட்டுலயும் ஒரு துரும்பக்கூடத் தொடல இதுங்க. பெட்டியோட மூலையில ஒட்டிக்கிட்டு நடுங்கிக்கிட்டு இருந்துச்சுங்க. எடுத்துப் பதுக்கி வைக்கிறதெல்லாம் சொந்த வீட்டுலதாம்மா."

"அப்படின்னா?"

"அப்படின்னா அந்தப் பலகைய நாளைக்கு ஒழுங்கா மாட்டு. இப்ப தேநீர் போடு. சர்க்கரை ரெண்டு."

வெரிட்டி அவரைக் கட்டிக்கொண்டாள். பிறகு ராய்ஸ்டனை. பிறகு கெட்டிலில் தண்ணீர் ஊற்றாமலே சுவிட்சைப் போட்டாள்.

"பாத்தீங்களா, இதுங்களுக்கு இருக்கிற புத்திகூட இவளுக்கு இல்ல," என்றான் ராய்ஸ்டன்.

தேநீர் முடிந்ததும் அவள் குப்புறப் படுத்துக் கையை நீட்டித் துழாவினாள். போன வாரம் தொலைந்து, காலையில் பெருக்கியபோதும் கிடைக்காத அவளுடைய காதணி வந்தது. சாவி வந்தது. அதற்கும் பின்னால், சூடாக, மூச்சு விட்டுக்கொண்டு இரண்டு உடம்புகள். கையுறை அவற்றுக்கு அடியில் கிடந்தது. இழுத்தாள்.

"அது கிடக்கட்டும்," என்றார் சக்டன். "என் வாசம் இருந்தா இன்னிக்கு நல்லாத் தூங்குவாங்க."

"வெளிய பனி கொட்டுதே. கை விறைச்சுப் போயிடும்."

"ஒண்ணு இருக்கில்ல."

பிஸ்கட் டின்னை மேசையில் வைத்தார். காலிப் பெட்டியை ராய்ஸ்டனிடம் கொடுத்தார். வெறுங்கையால் காரைத் திருப்பிக்கொண்டு, கையுறை போட்ட கையை அசைத்தார்.

வெரிட்டி வாசலில் நிற்கவில்லை. சமையலறைத் தரையில் மறுபடி படுத்திருந்தாள்.

குக்-குக்-குக்.