வேணும்னா

நாராயணவனம் கல்யாண வெங்கடேசர் கோயில் வாசலில் துளசி விற்கிற சுலோசனாவுக்குக் கதை சொல்லாமல் வியாபாரம் ஓடாது. சித்தூரிலிருந்து வந்தாலும் சரி, சூளூர்பேட்டையிலிருந்து வந்தாலும் சரி, உள்ளே கிடக்கிற பெரிய திருகைக்கல்லைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் அவளிடம்தான் விசாரிப்பார்கள். பத்மாவதி கல்யாணத்துக்கு மாவரைத்த கல்லு என்பாள். தெலுங்கில் கேட்டால் தெலுங்கில் சொல்வாள்.

அடுத்த கேள்வியும் அவளுக்குத் தெரியும். இங்கே தாலி கட்டினவர் மலைமேல் நிற்கிறார், அம்மா கீழே திருச்சானூரில் இருக்கிறாள், ஏன்?

"கறிவேப்பிலையாலதான். சீர்வரிசை கட்டிக்கினு போறாங்க, பாதி வழியில பார்த்தா கறிவேப்பிலைய மறந்துட்டாங்க. 'போய் எடுத்துக்கினு வா, எங்க விடியுதோ அங்கியே இரு'ன்னாரு சாமி. அம்மா திரும்பி வர்றப்போ திருச்சானூர்லயே விடிஞ்சிடுச்சு."

ஊர் சொல்கிற கதை. புராணம் வேறு மாதிரி சொல்லலாம், சுலோசனாவுக்குக் கவலையில்லை. முடிக்கிற இடத்தை மட்டும் வேகமாகச் சொல்லிவிட்டுத் துளசியை எடுத்து நீட்டுவாள்.

பத்து நாளில் வந்துவிடுகிறேன் என்றுதான் அவளும் திருப்பதியிலிருந்து பிறந்த ஊரான நாராயணவனத்துக்குக் கிளம்பினாள். பெற்ற நைனா இடுப்பு ஒடிந்து படுத்திருந்தார்; பார்க்க வேறு ஆளில்லை. பத்து நாள் மூன்று வருஷமாகிவிட்டது. போன மாசம் நைனா போய்ச் சேர்ந்தார். புருஷன் சம்பத் திருப்பதியில் ஒரு ஓட்டலில் குழம்பும் பொரியலும் சமைக்கிற சரக்கு மாஸ்டர். கருமாதிக்கு வந்து எல்லாம் செய்தான். பஸ் ஏறும்போது சொன்னான், "வேணும்னா வா."

'வா' என்று மட்டும் சொல்லியிருந்தால் கட்டின சேலையோடு ஏறியிருப்பாள். அதென்ன வேணும்னா? யாருக்கு வேணும்னா? இந்த மனுஷனுக்கு வேண்டாமாமா? ஒரு வார்த்தையைக் குறைத்துப் பேசினால் வாயா வலித்துவிடும்? அன்றைக்கு ஏறின கோபம் இன்னும் இறங்கவில்லை. ஆனாலும் திருப்பதி பஸ் வந்து நின்றால் துளசி கட்டுகிற கை நின்றுவிடும். வேலை முடிந்து வருகிறவன் சட்டையில் அடிக்கும் தாளிப்பு வாசனைக்கு ஏங்கினாள். வெட்கத்தை விட்டுச் சொன்னால், அந்த மனுஷனே வேணும்.

ஒரு சனிக்கிழமை காலை, கூட்டத்துக்கு நடுவில் கதையை முடித்தபோது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"இது பாதிக் கதைதான்."

சம்பத். லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறான்.

"மீதிய நீங்களே சொல்லுங்க," என்றாள், துளசியை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

"அம்மா கீழயே நின்னுட்டாங்க இல்ல, சாமி தினம் மலைலேருந்து எறங்கி வந்து பார்த்துட்டுப் போறாராம். நடந்து நடந்து செருப்பு தேஞ்சிடுதாம். அதான் மலையடியில, அலிபிரியில, செருப்பு வெச்சுக் கும்புடறாங்க."

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. சுலோசனா விடவில்லை.

"எறங்கி வரத் தெரிஞ்சவருக்குக் கூப்புடத் தெரியலியா?"

சம்பத் கூட்டம் கலைந்த பிறகு பக்கத்தில் வந்து குந்தினான்.

"உங்க நைனா ஊடு, உங்க நெலம். உன்ன இழுத்துக்கினு போறாப்புல இருக்கக் கூடாதுன்னுதான் வேணும்னான்னு சொன்னேன். ஊருக்கே தாளிக்கிறேன் சுலோ, எனக்குத் துன்றதுதான் எறங்கல."

"இத்த அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?"

சம்பத் எழுந்து நின்றான். அப்புறம் "வா" என்றான். அவ்வளவுதான், முன்னாலும் ஒன்றுமில்லை, பின்னாலும் ஒன்றுமில்லை.

கூடையைப் பக்கத்துக் கடை பத்மினியிடம் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து பையைக் கட்டினாள். பிறகு கொல்லைக்குப் போய், முழங்கால் உயரத்துக்கு நின்ற கறிவேப்பிலைக் கன்றைக் கடப்பாரை போட்டு வேரும் மண்ணுமாகக் கிளப்பினாள். ஈரச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தாள்.

"திருப்பதியில கறிவேப்பிலை கெடைக்காதா?" என்றான் சம்பத்.

"கெடைக்கும்," என்றாள் சுலோசனா. "இத்த மறந்துட்டேன்னு என்ன யாரும் திருப்பி அனுப்பக் கூடாது."