பிரசோஜோவின் கொக்கி

அந்த ஆகஸ்ட் ஞாயிற்றுக்கிழமை, வொனொகிரி அணைக்கு மேலே இருக்கும் ஜோக்லோ குன்றில் ஐந்து பேர் இருந்தார்கள். ஓய்வுபெற்ற பாசன அதிகாரி ஹர்தோயோ, வயது அறுபத்தெட்டு. இருபது வயதிலிருந்து அவரோடு பறந்த தர்முஜி. அந்தக் குன்றிலிருந்து முதன்முதலில் பறந்த பெண் லஸ்த்ரி. ஹர்தோயோவின் காலஞ்சென்ற தம்பி பிரசோஜோவின் மகன் பஸ்கோரோ. ஜீப் ஓட்டி வந்த கஸ்மான். அவ்வளவுதான். நானும் அங்கே இருந்தேன் என்று பிற்பாடு சொன்னவர்கள் யாரும் அங்கே இல்லை.

ஆண்டுக்கு ஒருமுறை பழைய கூட்டம் கூடும் நாள் அது. லஸ்த்ரியும் பஸ்கோரோவும் முதுகுப் பையில் மடித்துத் தூக்கி வரும் பாராகிளைடர்காரர்கள். ஹர்தோயோ மட்டும் கந்தோலே கொண்டு வந்திருந்தார். அலுமினியக் குழாய்களில் துணியை இழுத்துக் கட்டிய முக்கோண இறக்கை அது. மஞ்சளும் நீலமும். பிரசோஜோவினுடையது.

"அண்ணே, நாங்க பறந்து இறங்கி பக்சோ சாப்பிட்டு ஏப்பம் விடுற வரைக்கும் நீங்க குழாய் மாட்டிக்கிட்டே இருப்பீங்க போல" என்றார் லஸ்த்ரி.

"உன்னோடது இறக்கையா? கொடியில காயுற போர்வை" என்றார் ஹர்தோயோ, நிமிராமலே.

"போர்வையா இருந்தா என்ன, நான் பஸ்ல கொண்டு வந்துடுவேன். உங்களுக்கு லாரி வேணும்."

லாரி என்றதும் தர்முஜி சிரித்துவிட்டார். மூவருக்கும் ஒரே லாரிதான் நினைவுக்கு வந்தது. எண்பத்து மூன்றில் ஆடு ஏற்றிப்போகும் லாரியின் மேல் குழாய்களைக் கட்டிக்கொண்டு வருவார்கள். ஒருமுறை சோலோ நகரத்திலிருந்து வரும் வழியில் ஆடுகள் இறக்கைத் துணியில் ஒரு முழம் தின்றுவிட்டன. கல்யாண உடுப்பு தைக்கும் தையல்காரரிடம் ஓடி, மணப்பெண்ணுக்கு வைத்திருந்த வெள்ளைத் துணியில் ஒட்டுப் போட்டு, மறுநாளே பிரசோஜோ அதில் பறந்தான். இறங்குமிடத்தில் பெண்கள் வைக்கோலைக் கொளுத்திப் புகை காட்டுவார்கள். புகை சாயும் பக்கம் பார்த்துக் காற்றின் திசையைத் தெரிந்துகொள்வார்கள். பிரசோஜோ வேண்டுமென்றே புகைக்குள் இறங்கி, இருமிக்கொண்டே வெளியே வந்து, எல்லாருக்கும் கும்பிடு போடுவான். அந்த ஒட்டு இன்னும் இறக்கையின் இடது ஓரத்தில் இருந்தது.

ஹர்தோயோ கொக்கியைத் துடைத்தார். பறப்பவர் அணியும் நீளப் பையின் முதுகு வாரை இறக்கையோடு இணைப்பது அந்த ஒரு எஃகுக் கொக்கிதான். அதுவும் பிரசோஜோவினுடையதே. போன வாரம்தான் பஸ்கோரோ அதைத் தன் சாவிக்கொத்திலிருந்து கழற்றிக் கொடுத்திருந்தான்.

தொண்ணூற்றொன்றில் நடந்த போட்டியில் பிரசோஜோ இந்தக் குன்றிலிருந்து ஓடியபோது கொக்கி மாட்டியிருக்கவில்லை. கம்பியைக் கையால் பிடித்துத் தொங்கி, தேக்கு மரங்களின் மேல் விழுந்தான். இடுப்பெலும்பு முறிந்தது. அதன் பிறகு அவன் பறக்கவேயில்லை. இந்த விளையாட்டில் ஒருவன் புயலில் சிக்கலாம், ஏரியில் விழலாம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். கொக்கி மாட்டாமல் ஓடினான் என்றால் அதோடு பெயர் போயிற்று. ஊர்த்தலைவர் குடும்பத்துப் பிள்ளைக்கு அந்தப் பெயர் வரக்கூடாது என்று, ஆஸ்பத்திரி வாசலிலேயே ஹர்தோயோ சொன்னார்: "கொக்கி உடைஞ்சு போச்சு." முப்பது வருஷத்துக்கு மேல் அதையே சொன்னார். கேட்டவர்கள் மரியாதைக்குத் தலையாட்டினார்கள். முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள்.

"பெரியப்பா" என்று பஸ்கோரோ மெல்லச் சொன்னான். "கொக்கி உடையலன்னு எனக்குச் சின்ன வயசிலேயே தெரியும். அதுதான் சாவிக்கொத்துலயே இருந்துச்சே. அப்பா மறந்துட்டாரு. எங்க மானத்துக்காக நீங்கதான் மறைச்சீங்க. அதை நான் மறக்க மாட்டேன்."

ஹர்தோயோ துடைத்த கொக்கியையே மறுபடியும் துடைத்தார். தர்முஜி எழுந்து, காற்றின் திசை காட்டும் துணிப்பை கட்டிய மூங்கில் பக்கம் போய்விட்டார்.

பத்தரை மணிக்கு ஏரியிலிருந்து காற்று ஏறியது. ஹர்தோயோ பையை அணிந்து கொக்கியை மாட்டினார். இறக்கையின் மூக்கைப் பிடிக்கத் தர்முஜி வரவில்லை. தொண்ணூற்றொன்றுக்குப் பிறகு அவர் யாருடைய இறக்கையையும் பிடித்ததில்லை. பஸ்கோரோ முன்னால் நின்று, மூக்கிலிருந்து இறங்கும் கம்பிகளைப் பிடித்துக்கொண்டான். கொக்கி மாட்டியிருக்கிறது என்று பறப்பவர் படுத்துத் தொங்கிக் காட்ட வேண்டும். அதைப் பார்த்த பிறகுதான் மூக்கைப் பிடித்தவர் கையை எடுப்பார். ஹர்தோயோ படுத்தார், தொங்கினார், எழுந்தார்.

அப்போதுதான் கண்ணாடி ஜீப்பில் இருப்பது நினைவுக்கு வந்தது. எடுத்து வா என்று யாரையும் ஏவ அவருக்கு மனம் வரவில்லை. கொக்கியைக் கழற்றிவிட்டு, பையோடு தானே நடந்து போய்க் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரும்பினார். இறக்கையைத் தோளில் தூக்கினார். காற்று முகத்தில் நேராக அடித்தது.

"விடுடா."

"படுங்க பெரியப்பா."

"இப்பத்தானேடா படுத்துக் காட்டினேன்!"

"அது கண்ணாடி எடுக்கப் போறதுக்கு முன்னால."

"காத்து போயிடும்டா. நாற்பத்தெட்டு வருஷமா பறக்கிறேன். என் வார்த்தை போதாதா உனக்கு?"

"போதாது."

அந்தக் குடும்பத்தில் அவரிடம் அப்படி யாரும் பேசியதில்லை. பார்த்துக்கொள் என்பது போல முறைத்துவிட்டு, கம்பியைப் பிடித்து முன்னால் சாய்ந்தார். மார்பு அடிபட நேராக மண்ணில் விழுந்தார்.

தலைக்கு மேலே கொக்கி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

பஸ்கோரோவின் முகம் வெளுத்திருந்தது. கம்பிகளை அவன் விடவேயில்லை. கடைசியில் லஸ்த்ரிதான் வாயைத் திறந்தார். "அண்ணே, மண்ணு எப்படி? உப்பு சரியா இருக்கா?" சொல்லிவிட்டு அழுதார்.

ஹர்தோயோ எழுந்தார். கொக்கியை மாட்டினார். யாரும் சொல்லாமலே படுத்தார், தொங்கினார். "பாத்தியா?" என்றார். "பாத்தேன்" என்றான் பஸ்கோரோ. கையை எடுத்தான். ஹர்தோயோ ஐந்தடி ஓடினார். ஆறாவது அடிக்குத் தரை இல்லை.

கீழே இலை உதிர்த்த தேக்குகள். அதற்கப்பால் ஏரி வற்றிய சேற்றில் விதைத்த மக்காச்சோளப் பாத்திகள், மீன் கூண்டுகள். தெற்கே ஒரு பருந்து சிறகை அசைக்காமல் வட்டமடித்தது. அவர் அங்கே போனார். வெப்பக் காற்று இடது இறக்கையை முட்டித் தூக்கியது. இடது பக்கமே திரும்பினார். பிரசோஜோவுக்கு வலது பக்கம் சுற்றப் பிடிக்காது. "எனக்குச் சாப்பாட்டுக்கு மட்டும்தான் வலது கை" என்பான். இருவரும் ஒரே காற்றில் எதிரெதிரே சுற்றிக்கொண்டு, ஏரிக்கு மேலே கத்திப் பேசிக்கொள்வார்கள். பேச்சு பாதி கேட்காது. கேட்ட பாதியில் பெரும்பாலும் சாப்பாடுதான்.

சற்று நேரத்தில் ஆரஞ்சு நிறப் பாராகிளைடர் ஒன்று மெல்ல உள்ளே வந்தது. முதலில் வந்தவர் சுற்றும் பக்கமே அடுத்தவரும் சுற்றுவது வானத்தில் மரியாதை. பஸ்கோரோ இடது பக்கம் திரும்பினான். எதிர்ப்புறத்தில், அதே உயரத்தில். தலையைச் சாய்த்துப் பார்க்கும் விதம் அப்பனுடையது.

"பெரியப்பா! பசிக்குதா?" என்று கத்தினான்.

ஹர்தோயோவுக்குக் கண்ணாடி மங்கியது. துடைக்கக் கை இல்லை.

ஒரு மணி நேரம் கழித்து, அறுவடை முடிந்த சோளத் தாளடியில், காலில் நின்று இறங்கினார்.

ஏரிக்கரை பக்சோ கடையில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். செய்தி அவருக்கு முன்னாலேயே வந்துவிட்டது. கஸ்மான் போன் போட்டிருந்தான். கிண்ணத்தில் இறைச்சி உருண்டைகளைப் போட்டுச் சூடாகக் குழம்பு ஊற்றிய கடைக்காரம்மா, அனுதாபத்தோடு உச்சுக்கொட்டினார்.

"நல்லவேளைங்க ஐயா, தரையிலேயே உடைஞ்சுது. உங்க குடும்பத்துக்கு மட்டும் கொக்கியே சரியா அமைய மாட்டேங்குது. தம்பிக்கும் அப்படித்தானே?"

ஹர்தோயோ கஸ்மானைப் பார்த்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் செய்தது மரியாதை. அதைக் கற்றுக்கொடுத்தது அவரேதான். எதிரே பஸ்கோரோ குழம்பில் மிளகாய் விழுது கலக்கிக்கொண்டிருந்தான். கடைக்கு வெளியே மூங்கில் பெஞ்சில் தர்முஜி தனியாக உட்கார்ந்திருந்தார்.

ஹர்தோயோ கரண்டியை வைத்துவிட்டு எழுந்து நின்றார். முதுகு எப்போதும்போல் நேராக இருந்தது. சட்டையில் குன்றின் மண் இன்னும் ஒட்டியிருந்தது.

"தர்முஜி, நீயும் உள்ளே வா" என்றார்.

தர்முஜி வாசலில் வந்து நின்றார்.

"கொக்கி உடையல. இன்னைக்கு நான் மாட்டல. அன்னைக்கும் உடையல. என் தம்பி சரியாத்தான் மாட்டியிருந்தான், படுத்தும் காட்டினான். மாவட்டத் தலைவர் வந்து நிக்கிறார், ஊர்த்தலைவர் மகன் அவர்கிட்ட சொல்லிக்காம பறக்கிறதான்னு, அவனைக் கழற்ற வச்சுக் கும்பிட அனுப்பினது நான். அவன் திரும்பி வந்ததும், மறுபடி படுக்கணும்னு தர்முஜி சொன்னான். எல்லாரும் பாக்கிறாங்க, விடுடான்னு கத்தினது நான். பிரசோஜோ மறக்கல. நான் மறக்கடிச்சேன்."