படகு நிறைஞ்சிடுச்சு

1

முடிச்சூர் வீட்டு மாடிப்படியிலிருந்து வினிதா இரண்டாவது படகுக்குள் குதித்தாள். பின்னாலேயே அவள் அப்பா தனக்கோடி, தலையில் பத்திரப் பெட்டியோடு.

"உங்கம்மா எங்கடி?"

"முதல் படகுல போயிட்டாங்க. படகு நிறைஞ்சிடுச்சு."

(நிறுத்துகிறேன். வெள்ளத்தில் பிரிந்த குடும்பம், பதின்வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு நாவல் என்று கேட்டவர் பதிப்பாளர் ஜெயப்ரியா. "கடைசில எல்லாரும் கட்டிப்பிடிச்சு அழணும் சார்." ஏழாவது மாடியில் உட்கார்ந்து மழை பார்ப்பவர்களுக்கு அடுத்த வீட்டுக் கண்ணீர்தான் மிக்சர்.)

2

வேறு தொடக்கம்: 'வானம் பிளந்தது. கொடிய அடையாறு ஓர் அன்புக் குடும்பத்தை...'

சீ. ஆறு என்ன செய்யும்? கால்வாயை மண் கொட்டி மூடி, மனை பிரித்து விற்றவர் இதே தனக்கோடி. தண்ணீர் தன் பழைய வழியில் வந்தது. வழியில் அவர் வீடு நின்றது. அன்புக் குடும்பமாம்!

(பிள்ளைகள் நாவலுக்கு வில்லன் வேண்டாம் என்றார் ஜெயப்ரியா. நான் எங்கே கூப்பிட்டேன்? பெட்டியோடு அவரே வந்து ஏறிக்கொண்டார்.)

3

தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூட முகாம். அம்மா நாகலக்ஷ்மி அங்கே இல்லை. முதல் படகை ஓட்டிய கோவளத்து மீனவன் லோகுவின் சட்டையைத் தனக்கோடி கொத்தாகப் பிடித்தார்.

"என் பொண்டாட்டிய எங்கடா எறக்கினே? மீன் அள்றவன் கையில பொம்பளைய வுட்டா இப்படித்தான்."

"கரையிலதான் சார் எறக்கினேன். பேஜார் பண்ணாத."

எந்தக் கரை என்று சொல்லவில்லை. வினிதாவைப் பார்த்தான். போலீசைக் கூப்பிடச் சொல்லி யாரோ கத்தினார்கள். அவள் வாயைத் திறந்தால் லோகு தப்பிப்பான்; அம்மா மாட்டுவாள்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: குன்றத்தூரில் அம்மாவுக்கு ஓர் அண்ணன் உண்டு. புருஷன் அடி தாங்காமல் அங்கே கிளம்பும்போதெல்லாம் தனக்கோடி வாசலில் நின்று சொல்வது ஒன்றுதான்: "தாராளமா போ. பொண்ணு இங்கதான் இருக்கும்." அம்மா திரும்பிப் போய் உலை வைப்பாள்.)

4

ஜெயப்ரியாவின் முடிவு: முகாம் வாசலில் அம்மா ஓடி வருகிறாள், மூவரும் கட்டிப்பிடித்து...

அந்த வரியை அடித்துவிட்டேன். யார், யாரை, எதற்கு? முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். வினிதா பேசட்டும், பேசாமல் இருக்கட்டும், உங்கள் பாடு. நான் இதுவரை மறைத்து வைத்ததை மட்டும் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

முதல் படகு வந்தபோது தனக்கோடி கீழே வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீரில் பத்திரப் பெட்டியைத் துழாவிக்கொண்டிருந்தார். படகில் லோகுவும் அம்மாவும் மட்டும்தான். இன்னும் ஐந்தாறு பேர் தாராளமாக உட்காரலாம். அம்மா கையை நீட்டினாள்.

"ஏறு பாப்பா."

வினிதா ஏறவில்லை. "நானும் வந்தா அடுத்த போட்டுலயே துரத்திக்கிட்டு வருவாரு. நீ போம்மா."

அம்மா இறங்கப் பார்த்தாள். வினிதா மாடிப்படிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, படகைக் காலால் எட்டித் தள்ளினாள்.

"அண்ணா, குன்றத்தூர் பக்கமா விட்டுடுங்க. அப்பா கேட்டா, படகு நிறைஞ்சிடுச்சுன்னு நான் சொல்லிக்கிறேன்."