பக்கத்தில் யாருமில்லை

எங்கள் வீட்டை எவ்வளவு மலிவாக அமுக்கலாம் என்று ஏஜென்ட் போனில் பேசியபோது, நான் அவனுக்கு இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"பக்கத்துல யாருமில்ல மச்சான். புருஷன்காரர் மட்டும்தான். அவருக்கு ஒண்ணும் புரியாது."

எனக்கு எல்லாம் புரியும். பதினாலு மாதங்களுக்கு முன் மூளையில் ஒரு நரம்பு வெடித்து, வலது கையையும் வலது காலையும் பேச்சையும் கொண்டுபோயிற்று. காதைத் தொடவில்லை. அது சாதாரணக் காதும் அல்ல. முப்பது வருஷம் நீதிமன்றத்தில் சாட்சிகள் சொன்னதைச் சொன்னபடியே சுருக்கெழுத்தில் பிடித்த காது.

எழுத்தும் பேச்சோடு போயிற்று; இடது கையால் கையெழுத்து என்று ஒரு கிறுக்கல் மட்டும் வரும். பேச்சில் ஒரே ஒரு சொல் மிச்சம். "சரி." பசித்தாலும் அதுதான், கொசு கடித்தாலும் அதுதான். வேண்டாம் என்று கத்த நினைத்தாலும் வாயில் வந்து விழுவது அதுதான்.

வீடு பார்க்க ஆள் வரும்போதெல்லாம் என்னைப் பின்னறைக்குத் தள்ளிவிடுவது ஏஜென்ட்டின் யோசனை. "நோயாளியைப் பார்த்தா விலை இறங்கிடும் அக்கா" என்று என் மனைவியிடம் சொல்லியிருந்தான். பேச்சில் அப்படி ஒரு இனிப்பு. அவளே அவனுக்குத் தேன்வாய் என்று பெயர் வைத்திருந்தாள். போனுக்கு சிக்னல் கிடைப்பது அந்தப் பின்னறையில் மட்டும்தான் என்பது தேன்வாயின் கெட்ட நேரம்.

"கணக்கு டீச்சரம்மா அறுபத்தெட்டு லட்சம்னு எழுதியே கொடுத்துட்டாங்க. நான் வெளியில விடல. வேற ஆளுக்குப் பேசி முடிஞ்சாச்சுன்னு அவங்களை அனுப்பிட்டேன். இந்த அக்காகிட்ட ஆளே வரலைன்னு பாடிக்கிட்டிருக்கேன். ஐம்பத்தஞ்சுக்கு இறக்கறேன், நீ வாங்கிடு. ஆறு மாசம் கழிச்சு நல்ல விலைக்குத் தள்ளிடலாம்."

போனைப் பையில் போட்டான். என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"வரட்டுமா சார்?"

"சரி" என்றேன். மனதுக்குள் நான் சொன்னதை அச்சில் போட முடியாது.

எங்களுடையது மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. ஊன்றுகோலோடு அறைக்கு அறை நடப்பேன். படி இறங்க மாட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து தூக்கி வந்து மேலே விட்டதிலிருந்து என் செருப்பு தெருவைப் பார்க்கவில்லை. அடுத்த தெருவில் தரைத்தளத்தில் ஒரு சின்ன வீட்டை அவள் பார்த்து வைத்திருந்தாள். விலை அறுபத்திரண்டு. அந்த வீட்டுக்காரர் மாதக் கடைசி வரைதான் பொறுப்பேன் என்று சொல்லியிருந்தார். ஐம்பத்தைந்துக்கு விற்றால் அந்த வீடு இல்லை. நான் இந்த மாடியிலேயே கிடக்க வேண்டியதுதான்.

அன்று சனிக்கிழமை. எப்படியாவது அவளிடம் சொல்லிவிட வேண்டும்.

அவளுடைய போனை எடுத்து மேஜையில் தட்டிக் காட்டினேன். "யார்கிட்டப் பேசணும்? உங்க தம்பிகிட்டயா?" போட்டுக் கொடுத்தாள். தம்பி அரை மணி நேரம் மழையைப் பற்றிப் பேசினான். நான் சரி சரி என்றேன். ஞாயிற்றுக்கிழமை வாயைக் காட்டினேன், தேன்வாய் என்ற அர்த்தத்தில். பல்வலி என்று முடிவு கட்டி, கடைவாயில் கிராம்பு வைத்தாள். செவ்வாய் வரை கிராம்பு மென்றேன்.

அவளைக் குறை சொல்ல மாட்டேன். நான் கேட்காமலே தண்ணீர் வரும், போர்வை வரும், மின்விசிறி நிற்கும். "இவர் மனசு எனக்குத் தெரியும், வாய் எதுக்கு?" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்வாள். எனக்கும் அதில் கொஞ்சம் கர்வம் உண்டு. எங்களுக்குக் கேள்வியே தேவைப்பட்டதில்லை. அதுதான் இப்போது காலை வாரியது.

புதன்கிழமை தேன்வாய் இரண்டு காகிதங்களோடு வந்தான். ஒன்று, விலையை ஐம்பத்தைந்துக்குக் குறைக்கச் சம்மதம். இன்னொன்று, வெள்ளிக்கிழமை முடியும் ஒப்பந்தத்தை மேலும் மூன்று மாதம் நீட்டிக்க.

"மார்க்கெட் படுத்துடுச்சு அக்கா. என் சொந்த அக்காவா இருந்தாலும் இதைத்தான் சொல்வேன்."

வீடு இருவர் பெயரிலும் இருந்ததால் இரண்டு கையெழுத்தும் வேண்டும். அவள் என் இடது கையில் பேனாவை வைத்தாள். நான் விரலை மடக்கிக்கொண்டேன். பேனா உருண்டு கட்டிலுக்கடியில் போயிற்று.

"சார், நல்லதுக்குத்தானே? சரியா?" தேன்வாய் குனிந்து கேட்டான்.

"சரி!" என்று கத்தினேன்.

"பாருங்கக்கா. சாரே சொல்லிட்டார்."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது வேற சரி" என்றாள். "நீங்க நாளைக்கு வாங்க தம்பி."

அவன் படியிறங்கும் சத்தம் ஓய்ந்ததும் கதவைச் சாத்தினாள். பிறகு என் எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது.

"இந்த வீட்டை விட்டு வர உங்களுக்கு மனசில்ல. அதானே? பரவாயில்லங்க. விற்க வேணாம். இங்கேயே இருந்துடலாம். உங்களைக் கேட்காம நானா ஆரம்பிச்சது தப்பு."

அடிப்பாவி, என்று தோன்றியது. இடது கையால் நாற்காலிக் கைப்பிடியை இரண்டு முறை ஓங்கி அடித்தேன். தலையையும் ஆட்டினேன்.

"இல்லையா? ரெண்டு தட்டுன்னா இல்லையா?"

ஒரு தட்டு.

"ஒண்ணுன்னா ஆமா?"

ஒரு தட்டு.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். சாட்சியின் வாயில் பதிலைத் திணிக்கும் கேள்வி கேட்டால் எதிர்க்கட்சி வக்கீல் எழுந்து ஆட்சேபிப்பார். எங்களுக்கோ அந்த மாதிரிக் கேள்விதான் தெய்வம்.

"விலை பிடிக்கலையா?"

ஒரு தட்டு.

"அந்த ஆளும் பிடிக்கலையா?"

ஒரு தட்டு. ஓங்கி.

"ஏன், எதையாவது திருடிட்டானா?"

இரண்டு.

"பொய் சொன்னானா? எங்கிட்டயா? ஆளே வரலைன்னானே, அதுவா?"

தட்டு, தட்டு, தட்டு. கைப்பிடி கழன்றுவிடும் போலிருந்தது.

"ஐயோ மெதுவா! யாரோ விலை சொல்லியிருக்காங்க. யாரு? அந்தக் குண்டு தம்பதியா? மீசைக்காரரா?" எல்லாவற்றுக்கும் இரண்டிரண்டு. "ஜன்னலை டேப் வச்சு அளந்தாங்களே, கணக்கு டீச்சர்?"

ஒன்று.

விலையை எழுபதிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டு வந்தாள். அறுபத்தெட்டில் நான் தட்டினேன்.

"அவன் பேசினது உங்க காதுல விழுந்துதா? எப்போ? நேத்தா? அதுக்கு முன்னாடியா?" சனிக்கிழமை வரை வந்ததும் நெற்றியில் அறைந்துகொண்டாள். "நாலு நாளா இதை நெஞ்சுல வச்சுக்கிட்டா கிராம்பு மென்னீங்க?"

சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்கே தெரியவில்லை. என் மடக்கிய வலது கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அந்தக் கைக்கு எதுவும் உறைக்காது. ஆனாலும் அப்படியே இருந்தோம்.

பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு பீரோவிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்தாள். கண்ணாடியை மாட்டினாள். மூன்று மாதமாகத் திறந்து பார்க்காத காகிதம். ஒவ்வொரு வரியாக எனக்குச் சத்தமாக வாசித்தாள். ஒன்பதாவது விதியில் நின்றாள். ஒப்பந்தம் முடிந்த பிறகும், ஏஜென்ட் கூட்டி வந்த ஆள் ஆறு மாதத்துக்குள் வாங்கினால் அவருக்கே கமிஷன்.

"அப்போ யாரை யாரைக் கூட்டி வந்தான்னு அவன் எழுதிக் கொடுத்தாகணும்ல?"

ஒரு தட்டு. கோர்ட்டில் இருந்திருக்க வேண்டியவள்.

மறுநாள் தேன்வாய் வந்தபோது என்னை முன்னறையில், ஜன்னலோரம் உட்கார வைத்திருந்தாள்.

"ஒப்பந்தத்தை நீட்டிக்கல தம்பி. நாளையோட முடியுது. உங்க கமிஷன் கெட்டுப்போகக் கூடாதில்ல? வந்தவங்க பேர், போன் நம்பர், என்ன விலை சொன்னாங்க, எல்லாம் இதுல எழுதிக் கையெழுத்துப் போடுங்க. இதுல இல்லாதவங்க வாங்கினா உங்களுக்கு ஒண்ணும் கிடையாது."

அவன் முகத்தில் வியர்வை. ஆறு பெயர் எழுதினான். ஐம்பத்தைந்து என்ற விலையோடு ஏழாவதாக ஒரு பெயர்; போனில் பேசிய மச்சானாகத்தான் இருக்க வேண்டும்.

"டீச்சரம்மா?"

"அவங்க சும்மா பார்த்துட்டுப் போனாங்க அக்கா."

"சரி, எழுத வேணாம். இன்னிக்குச் சாயங்காலம் ஸ்கூல் வாசல்ல நானே போய்ப் பேசறேன். உங்களுக்குத் தொந்தரவு வேண்டாம்."

பேனா காகிதத்துக்கு மேலே நின்றது. எழுதினால் பொய் வெளியே வரும். எழுதாவிட்டால் கமிஷன் போகும். அவன் கண் மெல்ல என் பக்கம் திரும்பியது. நானும் பார்த்தேன். எனக்குப் புரியும் என்பது அவனுக்கு அப்போதுதான் புரிந்தது.

எழுதினான். டீச்சரின் பெயர், நம்பர், அறுபத்தெட்டு.

"காலையிலதான் போன் பண்ணாங்க. சொல்ல வாயெடுத்தேன்…"

"நல்ல வேளை, ஞாபகம் வந்துதே." அவள் காகிதத்தை வாங்கி மடித்தாள். "கமிஷன் பத்திரம் முடியற அன்னிக்கு வந்துடும் தம்பி. ஆனா இனிமே டீச்சர்கிட்ட நான்தான் பேசுவேன். அதுவும் இவர் முன்னாடி. இவருக்குக் காது ரொம்பத் துல்லியம்."

அவன் போனதும் என்னையும் பின்னறைக்குக் கூட்டிப்போய், அங்கிருந்து டீச்சரைக் கூப்பிட்டாள். போனுக்கு வெளியே வரை கேட்டது டீச்சரின் குரல்: "முடிஞ்சு போச்சுன்னாரேம்மா! நான் ரெண்டு நாள் அழுதேன்!"

"எதுவும் முடியலம்மா. நாளைக்கே வாங்க. டேப்பையும் எடுத்துட்டு வாங்க."

அடுத்தது தரைத்தள வீட்டுக்காரர். "திங்கக்கிழமை வரோம், வேற யாருக்கும் காட்டாதீங்க… ரெண்டு பேரும்தான். மாடியிலேர்ந்து இறக்க ஆள் சொல்லியாச்சு… வாசல்ல படி எத்தனைன்னு சொன்னீங்க? ஒண்ணா? ஒண்ணுதானே, அதை அவர் பார்த்துக்குவார்."

பேசி முடித்துத் திரும்பினாள். நான் கொடியிலிருந்து வெளியே போகும் சட்டையை இழுத்து, எப்படியோ இரண்டு கைகளையும் நுழைத்து, இடது கையால் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

"என்னங்க, போறது திங்கக்கிழமை. இன்னிக்கு வியாழன்."

எனக்குத் தெரியும். நான் நிறுத்தவில்லை. இரண்டாவது பொத்தான் வழுக்கி வழுக்கிக் கடைசியில் துளைக்குள் போயிற்று.

அவள் உதவிக்கு வரவில்லை. சுவரில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, நான் மூன்றாவதைத் தேடுவதைப் பார்த்தபடி நின்றாள்.