எபனேசருக்கு எள்ளும் தண்ணீரும்

வோபர்னில் எங்கள் அப்பார்ட்மென்டில் எனக்குப் பக்கத்துக் கதவு டோரிஸுடையது. எண்பது தாண்டிய தனிக்கட்டை. தன் பரம்பரையில் முதன்முதல் அமெரிக்காவுக்குக் கப்பலேறிய எபனேசரின் கதையைத் தேடுவதே அவருக்கு வேலை. லிஃப்டில் அகப்பட்டால் விடமாட்டார். எபனேசர் மரம் அரிந்தவராம், இரண்டு தாரமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். செத்து முந்நூறு வருடமானவரைப் பற்றி இவ்வளவு தெரியும், உயிரோடு ஒரு சொந்தம் கிடையாது.

மாசியில் டோரிஸ் இறந்தார். அடக்கத்துக்குப் போனவன் நான் ஒருவன்தான்.

ஆடி அமாவாசைக்கு அப்பாவுக்குத் தர்ப்பணம் செய்யக் கோயிலில் உட்கார்ந்தேன். அப்பா பெயரையும் அப்பப்பா பெயரையும் சொன்னேன்.

"அவரின்ர தகப்பன்?" என்றார் ஐயர்.

வருடாவருடம் இந்த இடத்தில்தான் முழிப்பேன். கேட்டறிய என் பக்கத்திலும் இப்போது ஒருவருமில்லை.

"எபனேசர்."

ஐயர் நிமிர்ந்து பார்த்தார். "வேதக்காரரோ? சேர்ச்சுக்குப் போறவரோ?"

"ஓம் ஐயா. அவருக்கு எள்ளும் தண்ணியும் இறைக்க வேற ஆளில்லை."

அவர் சற்று யோசித்துவிட்டு மந்திரத்தைத் தொடர்ந்தார். என் விரல் வழியே எள் இறங்கியது.

திரும்பி வந்தபோது, புதிதாகக் குடிவந்த தமிழ்ப் பெண் ஒருத்தி என்னோடு லிஃப்டில் ஏறினாள்.

"பிள்ளை, எபனேசர் எண்டு ஒருத்தர் இருந்தவர். மரம் அரியிறவர்..." என்று தொடங்கினேன்.

அவள் மணியடிக்காத போனை எடுத்துக் காதில் வைத்தாள்.